குண்டா: ஏரிச் சேற்றில் பிறந்த சிமெண்ட் ஊர்

1870களில் எஸ்தோனியாவின் வடகரையில், குண்டா என்ற பண்ணையை ஒட்டி வற்றிக் கிடந்த ஒரு பழைய ஏரியின் அடியைக் கூலியாட்கள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வெட்டியது வெள்ளை வெளேரென்ற சுண்ணாம்புச் சேறு. போய்ச் சேர வேண்டிய இடம் புதிதாக எழும்பிய சிமெண்ட் ஆலை. மண்வெட்டியில் சேற்றோடு வேறு சிலவும் வந்தன. எலும்பில் செதுக்கிய ஈட்டிமுனைகள், மீன் குத்தும் முள்ளீட்டிகள். தார்த்து பல்கலைக்கழகத்தின் புவியியல் பேராசிரியர் கான்ஸ்தந்தின் கிரேவிங்க் அவற்றை ஆராய்ந்து 1882-ல் வெளியிட்டார். ஏரி நடுவே ஒரு காலத்தில் தீவாக நின்ற 'லம்மாஸ்மேகி', அதாவது செம்மறிக் குன்று, கற்கால வேட்டைக்காரர்களின் குடியிருப்பு என்று பிற்பாடு நடந்த அகழாய்வுகள் உறுதிசெய்தன. பால்டிக் கரையோர நாடுகளின் இடைக்கற்காலப் பண்பாட்டுக்கே இன்று 'குண்டா பண்பாடு' என்றுதான் பெயர்.

சிமெண்ட்டுக்குச் சேறு வெட்டாமல் இருந்திருந்தால் அந்த எலும்புகள் இன்னும் மண்ணுக்கடியில்தான் கிடந்திருக்கும். வெட்டிய சேற்றோடு போய்ச் சூளையில் வெந்துபோனவை எத்தனை என்பதற்குக் கணக்கு கிடையாது.

குண்டா இன்று சுமார் 3,000 பேர் வாழும் சிற்றூர். தலைநகர் தாலினிலிருந்து கிழக்கே நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். தெற்கே கொஞ்ச தூரத்தில் ரக்வேரே. வடக்கே பின்லாந்து வளைகுடா. ஊருக்குள் குண்டா ஆறு ஓடிக் கடலில் சேர்கிறது. 1870 முதல் 2020 வரை, இடையில் போர்கள் நிறுத்திய காலம் போக, இங்கே சிமெண்ட்டுக்கான கல் வெந்துகொண்டே இருந்தது. அந்த 150 ஆண்டு வரலாற்றில் முதலாளி பெயரும் ஆட்சியின் பெயரும் பலமுறை மாறின. ஆனால் ஆலையின் போக்கைத் தீர்மானித்தவை அந்த ஊர் மண்ணில் கிடைத்த பொருள்களின் குணங்கள்தான். குறிப்பாக இரண்டு: சேற்றில் இருந்த தண்ணீர், களிமண்ணில் இருந்த பொட்டாசியம். இந்த இரண்டையும் பின்தொடர்ந்து போனால், ஆலை ஏன் இங்கே வந்தது, ஏன் ஊரையே புழுதியால் மூடியது, கடைசியில் சூளை ஏன் அணைந்தது என்பது மூன்றும் விளங்கும்.

நிலம் கொடுத்தது

சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்ட்டுக்கு அடிப்படையில் வேண்டியவை சுண்ணாம்பு தரும் ஒரு பொருளும் களிமண்ணும். காய்ந்த கலவையில் கால்சியம் கார்பனேட் 76 முதல் 78 சதவீதம் இருக்க வேண்டும். இரண்டு சதவீதம் கூடினாலும் குறைந்தாலும் சரக்கு கெட்டுவிடும்.

குண்டாவில் இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. ஏரி அடியில் சேறு. கடற்கரைப் பக்கம் கேம்ப்ரியன் காலத்து நீலக் களிமண். அந்தக் களிமண்ணுக்கு வயது 50 கோடி ஆண்டுகளுக்கு மேல். இவ்வளவு பழைய களிமண் உலகின் மற்ற இடங்களில் இறுகிப் பாறையாகிவிட்டது. இங்கே இன்னும் கையால் பிசைய வருகிறது. புவியியலார் இந்தக் களிமண் படிவத்துக்கு வைத்திருக்கும் பெயர் 'லொன்தோவா'. அது குண்டாவின் ஒரு பகுதியின் பெயர். இதற்கு மேலே படிந்த ஆர்டோவிசியன் சுண்ணாம்புக்கல் அடுக்குகளில் ஒன்றுக்கு 'குண்டா நிலை' என்றே பெயர். பாறை அடுக்கு ஒன்று, கற்காலப் பண்பாடு ஒன்று, சிமெண்ட் ஒன்று என மூன்றுக்குப் பெயர் கொடுத்த இவ்வளவு சிறிய ஊர் வேறு எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

பண்ணையின் உரிமையாளர் ஜான் ஜிரார்ட் த சூகாந்தோன், தாலினின் பெரிய வணிகக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர் 1870-ல் ஆலையைத் தொடங்கினார். கெட்டியான சுண்ணாம்புக்கல் பக்கத்திலேயே மலிந்து கிடக்க, அவர் ஏரிச் சேற்றில் கைவைத்ததற்குக் காரணம் உண்டு. கல்லை மாவாக அரைக்க அந்தக் காலத்தில் பலமான இயந்திரமும் நிறைய நீராவியும் வேண்டும். சேறோ இயற்கையே அரைத்துக் கொடுத்த மாவு. தண்ணீர் விட்டுக் கலக்கினால் போதும்.

இல்லாத பொருள் எரிபொருள். எஸ்தோனியாவில் நிலக்கரி கிடையாது. கப்பலில் வர வேண்டும். ஆகவே துறைமுகமும் ஆலையும் சேர்ந்தே வளர்ந்தன. நிறுவனத்துக்கே 'போர்ட் குண்டா' என்று பெயர் வந்தது. விளைந்த சிமெண்ட்டுக்குப் பெரிய சந்தை, கடல்வழியே எட்டும் தூரத்தில் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த செயின்ட் பீட்டர்ஸ்பர்க். 1896-ல் ரக்வேரேயிலிருந்து ரயில் பாதையும் வந்தது. அதற்கு மூன்றாண்டு முன்பு, 1893-ல், ஆலைக்காக ஆற்றின் குறுக்கே ஒரு நீர்மின் நிலையம் எழுந்தது. பால்டிக் பகுதியின் முதல் நீர்மின் நிலையம் அதுதான்.

சீசாச் சூளை

பழைய ஆலையின் சூளைகள் இன்றும் ஊரில் நிற்கின்றன. அடி பருத்து, மேலே கழுத்துப் போலக் குறுகும் கல் கட்டடங்கள். நம் ஊர்ச் சுண்ணாம்புக் காளவாசலைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு அந்நியமாகத் தெரியாது. ஆனால் வேலை வேறு. சுண்ணாம்பு 900 டிகிரியில் வெந்துவிடும். சிமெண்ட்டுக்கு 1,450 டிகிரி வேண்டும். அந்த வெப்பத்தில் கலவையில் நாலில் ஒரு பங்கு உருகி, மீதிப் பகுதியை ஒட்டிக் கட்டியாக்கும். அந்தக் கட்டிக்குப் பெயர் கிளிங்கர். அதை அரைத்தால்தான் சிமெண்ட்.

அந்தக் காலத்துச் சீசாச் சூளையில் வேலை நடந்த விதம் இது. சேற்றையும் களிமண்ணையும் தண்ணீரோடு கலவைத் தொட்டியில் போட்டுக் கலக்குவார்கள். குழம்பை அகலமான குட்டைகளில் விட்டுத் தெளிய வைப்பார்கள். மேலே நிற்கும் நீரை வடித்து, அடியில் தங்கிய களியை உலர்த்தி, கட்டி கட்டியாக வெட்டுவார்கள். எஸ்தோனியாவின் குளிரில் வெயிலை நம்பி உலர்த்த முடிவது ஆண்டில் சில மாதங்களே. மற்றக் காலத்துக்குச் சூடேற்றிய தளம் வேண்டும். எரிபொருள் செலவு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

உலர்ந்த கட்டிகளைச் சூளைக்குள் ஒரு அடுக்கு கட்டி, ஒரு அடுக்கு கோக் கரி என்று மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். அடியில் விறகு. பற்றவைத்தால் இரண்டு மூன்று நாள் எரியும். பிறகு ஆற வேண்டும். ஆறிய பின் ஆட்கள் உள்ளே இறங்கி, ஒன்றோடொன்று ஒட்டிப்போன கிளிங்கரைக் கடப்பாரையால் பெயர்த்து எடுப்பார்கள். சூளைச் சுவரின் உட்பூச்சும் கூடவே பெயர்ந்து வரும். ஒவ்வொரு முறையும் பழுது பார்க்க வேண்டும். ஒரு சுற்று முடிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். நூறு கிலோ கிளிங்கருக்கு 40 கிலோவை ஒட்டிக் கோக் செலவு. ஒவ்வொரு சுற்றிலும் சூளையின் கல்சுவர் முழுவதையும் புதிதாகச் சூடாக்கி மறுபடி ஆற விடுவதால்தான் இவ்வளவு விரயம்.

எடுத்த கிளிங்கரில் எல்லாம் ஒரே பதத்தில் இருக்காது. சுவரோரம் சூடு குறைவு, நடுவில் அதிகம். அதனால் சிமெண்ட்டின் தரத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் பொறுக்கி எடுப்பவர்களே. நன்றாக வெந்தது கரும்பச்சை கலந்த கறுப்பு, கனம் இருக்கும், தட்டினால் கணீரென்று ஒலிக்கும். வேகாதது மஞ்சளோடிப் போய், லேசாக, விரலால் நெருடினாலே உதிரும். அந்த வேகாததை அரைவையில் சேர்த்துவிட்டால் நடப்பது இது: களிமண்ணோடு சேராமல் தனியே நின்றுவிட்ட சுண்ணாம்பு அதில் இருக்கும். கடும் சூட்டில் இறுகிப்போன அந்தச் சுண்ணாம்பு தண்ணீரோடு உடனே சேராது. கட்டடம் எழுந்து, கலவை இறுகி, வாரங்களோ மாதங்களோ கழிந்த பிறகு மெதுவாக நீர்த்து உப்பும். இறுகிய கான்கிரீட்டுக்குள் உப்ப இடம் எது? வெடிப்புத்தான் விடும். இன்றும் ஒவ்வொரு சிமெண்ட் ஆலையும் இதற்கென்றே சோதனை வைத்திருக்கிறது. சிமெண்ட் பசையைச் சிறு அச்சில் வார்த்து, கொதிநீரில் போட்டு, எவ்வளவு விரிகிறது என்று அளப்பார்கள்.

இன்னொரு கோளாறும் உண்டு. நன்றாக வெந்த கட்டியே ஆறும்போது கண்ணெதிரே பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். கிளிங்கரில் உள்ள இருகால்சியம் சிலிகேட், சூளைக்குள் மெதுவாக ஆறினால், சுமார் 500 டிகிரியில் தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்கிறது. அப்போது கன அளவு பத்து சதவீதத்தை ஒட்டிக் கூடுவதால் கட்டி தானாகவே தூளாகிறது. மாறிய வடிவம் தண்ணீரில் இறுகவும் இறுகாது. சரியான மருந்து வேகமாக ஆறவைப்பது. நாள் கணக்கில் ஆறும் சீசாச் சூளையில் அதற்கு வழியே இல்லை. சுண்ணாம்பு விகிதத்தைச் சற்று ஏற்றி இந்தச் சிலிகேட்டைக் குறைக்கலாம்; ஆனால் ஏற்றினால் முன்சொன்ன வேகாத சுண்ணாம்புக் கோளாறு வரும். இந்த இரண்டுக்கும் நடுவே கலவையைப் பிடிப்பதுதான் அன்றைய கைத்திறன்.

அரைத்த சிமெண்ட் சுமார் 170 கிலோ பிடிக்கும் மரப்பீப்பாய்களில் கப்பலேறியது.

எரியும் கல்

முதல் உலகப்போரும், ரஷ்யப் பேரரசிடமிருந்து எஸ்தோனியா பெற்ற விடுதலையும் ஆலையின் அடித்தளத்தை அசைத்தன. 1918-க்குப் பிறகு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் எல்லைக்கு அப்பால் போய்விட்டது. கரியை அந்நியச் செலாவணி கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. அந்த நெருக்கடியில் குண்டா எடுத்த முடிவுதான் அதன் வரலாற்றிலேயே மிகத் துணிச்சலானது என்பேன்: தன் நாட்டுக் கல்லையே சூளையில் எரித்தது.

வடகிழக்கு எஸ்தோனியாவில் கிடைக்கும் குக்கர்சைட் என்ற எண்ணெய் ஷேலை ஊர்க்காரர்கள் 'எரியும் கல்' என்றே சொல்கிறார்கள். பழுப்பு நிறம்; தீக்குச்சி வைத்தால் புகைந்து பற்றும். ஆனால் எரிபொருளாகப் பார்த்தால் ஏழை. கிலோவுக்கு 8 முதல் 11 மெகாஜூல் வரைதான் வெப்பம். நல்ல நிலக்கரியில் இதைப்போல இரண்டரை மூன்று மடங்கு. எரிந்து முடிந்தால் ஏறக்குறைய பாதி எடை சாம்பலாகத் தங்கும். கொதிகலன் வைத்திருப்பவனுக்கு இந்தச் சாம்பல் பெரும் தலைவலி: அள்ளணும், கொட்டணும், குழாய்களில் படிந்ததைச் சுரண்டணும்.

சிமெண்ட் சூளைக்கு அதே சாம்பல் ஒரு வரம். குக்கர்சைட் சாம்பலில் நிறையச் சுண்ணாம்பும், கூடவே சிலிக்காவும் அலுமினாவும் இருக்கின்றன. சிமெண்ட் கேட்பதும் அதையேதான். மெல்ல உருளும் இரும்புக் குழாயான சுழல் உலையில் பொடித்த ஷேலை ஊதி எரித்தால், சாம்பல் கிளிங்கரின் மேல் படிந்து அதன் அங்கமாகிவிடுகிறது. அள்ளிக் கொட்ட ஒன்றும் மிஞ்சுவதில்லை.

ஆனால் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். எரிபொருளிலிருந்து எவ்வளவு சாம்பல் வரும், அதில் என்ன இருக்கும் என்று தெரிந்துகொண்டு, அதை ஈடுகட்டும் வகையில் மூலக் கலவையில் சுண்ணாம்பைத் திருத்த வேண்டும். ஷேலின் தரம் சுரங்க அடுக்குக்கு அடுக்கு மாறும். ஒரு நாள் சாம்பல் கூடுதலான ஷேல் வந்து, கலவையைத் திருத்தாமல் விட்டால், கிளிங்கரின் மேற்பரப்பு ஒரு விதமாகவும் உள்ளே வேறு விதமாகவும் வேகும். பல சுரங்கங்களின் ஷேலை முன்கூட்டியே கலந்து குவித்துவைப்பதே இதற்கு வழி.

1920களின் தொடக்கத்திலேயே குண்டா ஷேலுக்கு மாறியது. பக்கத்து வனமொய்சாவிலும் உப்யாவிலும் ஆலைக்கென்றே சுரங்கங்கள் வந்தன. உலகில் ஷேலைச் சிமெண்ட் உலையில் எரித்த முன்னோடிகளில் குண்டா ஒன்று. பிற்காலத்தில் எரித்த ஷேல் சாம்பலையே கிளிங்கரோடு சேர்த்து அரைக்கும் வழக்கமும் வந்தது. ஐரோப்பியச் சிமெண்ட் தரநிலையில் இதற்கென்றே 'டி' என்ற எழுத்து ஒதுக்கப்பட்டிருக்கிறது. 6 முதல் 20 சதவீதம் வரை சேர்த்தால் ஒரு வகை, 21 முதல் 35 வரை சேர்த்தால் இன்னொரு வகை.

1938 மே 1 அன்று குண்டா நகரத் தகுதி பெற்றது. அடுத்து வந்த போர் ஆலையையும் ஊரையும் குலைத்தது. ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் வாய்வாரா வதைமுகாமின் கிளை ஒன்று இங்கே இயங்கியது. யூதக் கைதிகளைப் பிடித்துவந்து இங்கே அடிமை வேலை வாங்கினார்கள். குண்டா சிமெண்ட்டின் வரலாற்றைச் சொல்லும் எவரும் இதைத் தாண்டிப் போகக்கூடாது.

குழம்பும் நீண்ட உலையும்

சோவியத் ஆட்சியில் ஆலைக்கு 'செங்குண்டா' என்று பெயர். போருக்குப் பிந்தைய கட்டுமானப் பசிக்கு ஈடுகொடுக்கப் புதிய ஆலை எழுந்தது. உச்சத்தில் ஆண்டுக்கு 10 லட்சம் டன்னுக்கு மேல் சிமெண்ட். ஏரிச் சேற்றின் காலம் முன்பே முடிந்திருந்தது; இப்போது சுண்ணாம்புக்கல் குவாரி, நீலக் களிமண் குழி, ஷேல். ஆனால் சேற்றுக் காலத்தின் ஒரு பழக்கம் மாறவில்லை. கலவையைத் தண்ணீரில் குழம்பாக்கியே உலைக்கு அனுப்பினார்கள். சிமெண்ட்காரர்கள் இதை ஈரமுறை என்பார்கள்.

ஈரமுறைக்கு நல்ல காரணங்கள் உண்டு. களிமண் வெட்டும்போதே ஈரம். அதை உலர்த்தி அரைப்பதைவிடத் தண்ணீரில் கரைப்பது எளிது. குழம்பைப் பெரிய தொட்டிகளில் கலக்கினால் கலவை துல்லியமாகச் சமனாகும். அரைக்கும்போது புழுதியும் கிடையாது. விலை உலையில்தான் தெரியும்.

ஒரு டன் கிளிங்கருக்குக் காய்ந்த கலவை சுமார் 1.6 டன் வேண்டும். குழம்பில் 36 சதவீதம் தண்ணீர் என்று வைத்தால், உலைக்குள் போவது 2.5 டன் குழம்பு, அதில் 0.9 டன் வெறும் தண்ணீர். அதை ஆவியாக்கவே 2 ஜிகாஜூலுக்கு மேல் வெப்பம் செலவாகிறது. நல்ல உலர்முறை ஆலை ஒரு டன் கிளிங்கரை 3 முதல் 3.5 ஜிகாஜூலில் முடித்துவிடும், ஈரமுறைக்கு 5.5 முதல் 6 வரை. ஷேல் மலிவாகக் கிடைத்தவரை இந்த வித்தியாசம் யாருக்கும் உறுத்தவில்லை.

ஈரமுறை உலை என்பது நூறு மீட்டருக்கு மேல் நீளும், சற்றே சாய்ந்து கிடக்கும் இரும்புக் குழாய். நிமிடத்துக்கு ஒரு சுற்றை ஒட்டி மெல்ல உருளும். மேல்முனையில் குழம்பு, கீழ்முனையில் தீ. குழம்பு விழும் இடத்தில் கொத்துக் கொத்தாகச் சங்கிலிகள் தொங்கும்; அவை சூடான வாயுவில் காய்ந்து, குழம்பில் முங்கி, வெப்பத்தைக் கடத்தும். சங்கிலிப் பகுதியைத் தாண்டும்போது கலவை ஈரம் வற்றி உருண்டை உருண்டையாக வர வேண்டும். தண்ணீர் கூடினால் அங்கே சேறு வளையமாக உள்சுவரில் ஒட்டி வழியை அடைக்கும். தண்ணீர் குறைந்தால் சங்கிலிப் பகுதியிலேயே பொடியாகி, வாயுவோடு பறந்து புகைபோக்கிக்கு ஓடிவிடும்.

உலைக்காரர் நீலக் கண்ணாடி வழியே தீப்பகுதியைப் பார்த்துப் பதம் சொல்வார். கலவை உலையின் உள்சுவரில் ஏறி, பாகுபோலப் புரண்டு விழுந்தால் சரி. மணல்போலச் சறுக்கிப் பரந்து ஓடினால் வேகவில்லை. கண் சொன்னதைத் தராசு உறுதிசெய்யும்: சலித்தெடுத்த கிளிங்கர் ஒரு லிட்டருக்கு 1,100 முதல் 1,300 கிராம் நிறுத்தால் நன்றாக வெந்தது, அதற்குக் கீழே போனால் அரைவேக்காடு. தீப்பகுதியில் உட்செங்கல் உதிர்ந்துவிட்டால், வெளி இரும்பில் அந்த இடம் இரவில் சிவந்து தெரியும். உடனே நிறுத்தாவிட்டால் இரும்பு வளைந்து உலையே போய்விடும்.

புழுதி

இங்கேதான் பொட்டாசியம் வருகிறது. குண்டாவின் நீலக் களிமண்ணில் பொட்டாசியம் நிறைய. 1,450 டிகிரியில் அதன் பெரும்பகுதி ஆவியாகி வாயுவோடு பின்னோக்கிப் போகும். சூடு குறையும் இடத்தில் நுண்ணிய புழுதியின்மேல் சல்பேட் உப்பாகப் படியும். மற்ற ஆலைகளில் பிடித்த புழுதியைத் திரும்ப உலைக்கே ஊட்டிவிடுவார்கள், அது மூலப்பொருள்தானே. குண்டாவில் அப்படி முழுவதும் ஊட்டினால் பொட்டாசியம் உலைக்குள்ளேயே சுற்றிச்சுற்றிப் பெருகும். உலையில் வளையம் கட்டும். சிமெண்ட்டிலும் கார உப்பு ஏறும். காரம் கூடிய சிமெண்ட்டோடு வினைபுரியும் சிலிக்கா உள்ள ஜல்லி சேர்ந்தால், ஈரத்தில் காலப்போக்கில் கான்கிரீட்டுக்குள் ஒரு பசை உருவாகி உப்பி வெடிக்க வைக்கும். அதனால்தான் சோடியம் ஆக்ஸைடோடு பொட்டாசியம் ஆக்ஸைடின் 0.658 பங்கைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை 0.6 சதவீதத்தைத் தாண்டாத சிமெண்ட்டைக் 'குறைகாரச் சிமெண்ட்' என்று பிரிக்கிறார்கள். குண்டாவின் களிமண்ணை வைத்துக்கொண்டு அதை எட்டுவது கடினம்.

ஆகவே புழுதியை வெளியேற்றியே தீர வேண்டும். பிடித்த புழுதியில் ஒரு பகுதிக்கு நல்ல வழியும் கிடைத்தது. சுண்ணாம்பும் பொட்டாசியமும் சேர்ந்த அந்தத் தூளை எஸ்தோனியாவின் புளித்த மண் வயல்களுக்கு உரமாகத் தூவினார்கள். பிடிக்காமல் போனது ஊர்மேல் விழுந்தது. சோவியத் காலத்தின் கடைசி ஆண்டுகளில், ஆண்டுக்குப் பல பத்தாயிரம் டன் புழுதி புகைபோக்கிகள் வழியே போனது.

மின் வடிகட்டிகள் இல்லாமல் இல்லை. உயர் மின்னழுத்தக் கம்பிகளுக்கும் தட்டுகளுக்கும் நடுவே வாயுவை விட்டால், மின்னேற்றம் பெற்ற புழுதி தட்டில் ஒட்டும்; சுத்தியல் தட்டி அதைக் கீழ்த்தொட்டியில் உதிர்க்கும். கெடுவதற்கு வழிகள் பல. ஒரு கம்பி அறுந்து தட்டில் சாய்ந்தால் அந்தப் பகுதி முழுவதும் மின்கசிவால் செத்துவிடும். தொட்டியை நேரத்துக்குக் காலிசெய்யாவிட்டால் புழுதி நிரம்பிக் கம்பியைத் தொட்டு அதே கதை. உலையில் சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு ஏறினால், வெடித்துவிடக்கூடாது என்று வடிகட்டியின் மின்சாரம் தானாக அறும்; அந்த நிமிடங்களில் வந்தது அத்தனையும் வெளியே. உற்பத்தி இலக்குக்காக உலையைத் திறனுக்கு மேல் ஓட்டினால், வாயு வேகம் கூடி, புழுதி ஒட்ட நேரமே இருக்காது.

ஒரு ஜன்னல் கண்ணாடியை எடுத்துக்கொள்வோம். அதில் விழும் புழுதி சாதாரண மண் தூசி அல்ல. பாதி வெந்த சுண்ணாம்பு. இரவுப் பனி பட்டால் நீர்க்கும். பகலில் காற்றின் கரியமில வாயுவை உறிஞ்சிக் கல்லாகும். மறுநாள் அதன்மேல் இன்னொரு படலம். துணியால் துடைத்தால் கண்ணாடி கீறும். தண்ணீர் போதாது, அமிலம் வேண்டும். கூரை ஓடுகளிலும், வண்டிகளிலும், பைன் ஊசியிலைகளிலும் இதேதான். இலையின் சுவாசத் துளைகள் அடைபட, இயல்பில் புளிப்பான காட்டு மண் காரமாக மாற, தளிர்களின் வளர்ச்சி குன்றியதை எஸ்தோனிய வன ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் அளந்து பதிவுசெய்தார்கள். புளிப்பு மண்ணை நம்பிய ஸ்புரூஸும் பைனும் நலிந்தன; சுண்ணாம்பை விரும்பும் செடிகளும் பாசிகளும் அந்த இடத்துக்கு வந்தன. உலகம் அமில மழையைப் பற்றிப் பேசிய காலத்தில் குண்டாவில் பெய்தது கார மழை.

அந்தப் புழுதியைச் சுவாசித்து வாழ்ந்தவர்களுக்கு அதைப் பற்றிப் பேசும் உரிமைகூடப் பல காலம் இல்லை. 1980களின் இறுதியில் விடுதலை இயக்கத்தோடு சேர்ந்துதான் சுற்றுச்சூழல் குரலும் எஸ்தோனியா எங்கும் எழுந்தது.

1992-ல் நோர்டிக் முதலீட்டோடு 'குண்டா நோர்டிக் சிமெண்ட்' உருவானது. புதிய உரிமையாளர்களின் முதல் பெரிய செலவு வடிகட்டிகளுக்கே போனது. சில ஆண்டுகளிலேயே பழைய புழுதியில் மிகச் சிறு பங்குதான் மிஞ்சியது. கரையில் துறைமுகமும் மறுபடி உயிர்பெற்றது. 1999-ல் ஆலை ஹைடல்பர்க் குழுமத்தின் கைக்குப் போனது. 2000களில் உப்யாவில் ஷேலுக்காகத் திறந்தவெளிச் சுரங்கம் மறுபடி திறந்தார்கள். உலைகள் மட்டும் பழைய ஈரமுறை உலைகளாகவே இருந்தன.

வடிகட்டி பிடிக்காதது

புழுதியை வடிகட்டலாம். கரியமில வாயுவை இந்த வடிகட்டிகள் பிடிக்காது. சுண்ணாம்புக்கல்லின் எடையில் 44 சதவீதம் கரியமில வாயுதான். வேகும்போது அது பிரிந்தே ஆக வேண்டும், எரிபொருள் எதுவாக இருந்தாலும் சரி. ஒரு டன் கிளிங்கருக்கு இந்த வகையில் மட்டும் 525 கிலோவை ஒட்டி வெளியேறும். அதோடு எரிபொருளின் பங்கைச் சேர்க்க வேண்டும். ஷேல் எரியும் ஈரமுறை உலைக்கு ஜிகாஜூலுக்குச் சுமார் 100 கிலோ என்று வைத்து 5.5-ஆல் பெருக்கினால் 550 கிலோ. ஆக மொத்தம் ஒரு டன் கிளிங்கருக்கு ஏறக்குறைய 1.1 டன் கரியமில வாயு. இது இந்த வகை உலைக்குப் போட்ட தோராயக் கணக்கு.

ஐரோப்பிய ஒன்றியத்தின் உமிழ்வு வணிகத் திட்டப்படி, வெளியேற்றும் ஒவ்வொரு டன் கரியமில வாயுவுக்கும் ஆலையிடம் ஓர் அனுமதி இருக்க வேண்டும். அது கிளிங்கருக்கு வைத்த அளவுகோல், 2020 வரை டன்னுக்கு 766 கிலோ. 2021 முதல் 2025 வரை 693 கிலோ. ஆலைகளுக்கு இலவச அனுமதி இந்த அளவுகோலை வைத்தே கணக்காகும். மீதிக்குச் சந்தையில் வாங்க வேண்டும். 2017-ல் ஒரு டன் அனுமதி 5 யூரோவை ஒட்டி விற்றது. 1.1 டன்னுக்கும் 766 கிலோவுக்கும் இடையிலான 330 கிலோ பற்றாக்குறைக்கு ஒன்றரை யூரோ, தாங்கலாம். 2019-ல் விலை 25 யூரோவைத் தொட்டது. அதே பற்றாக்குறைக்கு 8 யூரோ. வரப்போகும் 693 அளவுகோலில் அது 10 யூரோ. மலிவுச் சரக்கான சிமெண்ட்டில் இது லாபத்தையே தின்றுவிடும். ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் சிமெண்ட்டுக்கு அப்போது இந்தச் செலவு கிடையாது.

உலர்முறைக்கு மாறியிருந்தால் 2 ஜிகாஜூலுக்கு மேல் மிச்சம். 200 கிலோவுக்கு மேல் வாயுவும் குறைந்திருக்கும். ஆனால் அதற்கு ஏறத்தாழப் புதிய ஆலையே கட்ட வேண்டும். அங்கேயும் பழைய பொட்டாசியம் குறுக்கே நிற்கும்: உலர்முறையின் முன்சூடேற்றும் கோபுரத்தில் கார உப்புகள் படிந்து குழாய்களை அடைக்கும், வாயுவில் ஒரு பங்கைப் பக்கவழியே வெளியேற்றினால், மிச்சம்பிடித்த வெப்பத்தில் கொஞ்சம் அதோடு போய்விடும். எஸ்தோனியா போன்ற சிறிய சந்தையை நம்பி அவ்வளவு முதல் போட யாரும் முன்வராததில் வியப்பில்லை.

2020-ல் குண்டாவில் கிளிங்கர் எரிப்பது நின்றது. அடுத்த ஆண்டு முடிவதற்குள் அனுமதியின் விலை 80 யூரோவைத் தொட்டது.

ஆலை மூடப்படவில்லை. வெளியிலிருந்து வரும் கிளிங்கரை ஜிப்சத்தோடு சேர்த்து அரைத்துச் சிமெண்ட்டாக்குகிறது. அரைவைக்கு வேண்டியது மின்சாரமும் எஃகுக் குண்டுகளும்தான். குவாரிக்காரரும் உலைக்காரரும் களிமண் வெட்டுபவரும் தேவைப்படுவதில்லை. கிளிங்கரை வேகவைத்தபோது வெளியேறிய வாயு அதை எரித்த ஊரின் கணக்கில் ஏறுகிறது. 1989-ல் 5,000 பேரை ஒட்டி இருந்த குண்டாவில் இன்று 3,000 பேர். 2006-ல் தொடங்கிய மரக்கூழ் ஆலை அவர்களில் சிலருக்கு வேலை தருகிறது. அது ஆஸ்பென் மரத்தைக் கூழாக்குகிறது. அதற்கு வேண்டிய மரம் இன்னும் சுற்றுவட்டாரக் காடுகளிலிருந்தும் வருகிறது.